மரபணு ஆலோசகர் பணி: பெருகும் தேவை, பின்தங்கும் அங்கீகாரம்

மத்தியப் பிரதேச மாநிலம் ஷாடோலில் 2023 ஜூலை 1-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம், பழங்குடியினர் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடி பேரைப் பரிசோதிக்க இலக்கு நிர்ணயித்தது. பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது. அந்த அட்டையின் பொருளை விளக்கிச் சொல்வதற்கென்றே உள்ள தொழில், மரபணு ஆலோசனை.

இப்பணி தோற்றத்துக்கு எளிதானது; நடைமுறையில் அப்படியல்ல. கணவன், மனைவி இருவரும் அரிவாள் செல் மரபணுவைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் குழந்தைக்கு நோய் இருந்தால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று இதைப் புரிந்துகொள்வோர் உண்டு. உண்மையில் ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்லர் என்பதும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். இல்லையேல், நோயைத் தடுக்க வந்த அட்டையே திருமணப் பேச்சில் ஒரு பெண்ணை ஒதுக்கும் காரணமாகிவிடும். தகவலைத் தந்து, முடிவைக் குடும்பத்திடமே விடுவது இத்தொழிலின் நெறி.

அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரி 1969-இலேயே இதற்கான முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் மரபியல், உயிரிதொழில்நுட்பம் போன்ற பாடங்களைப் பயின்றோர் முதுநிலைப் படிப்பு அல்லது சிறப்புப் பயிற்சி வழியாக இத்துறைக்கு வருகின்றனர். இந்திய மரபணு ஆலோசனை வாரியம் தகுதிச் சான்று அளித்தாலும், அது அரசு உரிமம் ஆகாது.

சட்டமும் இவர்களைப் போதிய அளவில் கண்டுகொள்ளவில்லை. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதிகள், மரபணு ஆலோசனை மையத்துக்கு மகப்பேறு மருத்துவர், குழந்தைகள் நல மருத்துவர் அல்லது மருத்துவ மரபியலாளர் தேவை என்கின்றன. முதலிரு பிரிவினருக்கு நான்கு வாரப் பயிற்சியே போதுமானது. மரபணு ஆலோசகர் என்ற பணிப்பெயர் அங்கு தனியாக இடம்பெறவில்லை.

இதன் விளைவு வேலைவாய்ப்பில் தெரிகிறது. பெருநகர மருத்துவமனைகளுக்கு வெளியே, பரிசோதனைகளை விற்கும் தனியார் ஆய்வகங்களே இவர்களுக்கு முக்கியப் புகலிடம். 'இந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை' என்று சொல்ல வேண்டிய தருணத்தில், ஊதியம் தரும் நிறுவனத்தின் நலன் குறுக்கே நிற்கக்கூடும்.

பரம்பரை நோய்களுக்காக மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை 2019-இல் தொடங்கிய 'உம்மீத்' திட்டம், அரசு மருத்துவமனைகளில் 'நிதான்' மையங்களை அமைத்தது. அங்கு ஆலோசனையும் சேவையின் ஒரு பகுதி. அரிவாள் செல் நோய் மிகுந்த பழங்குடியினர் கிராமங்களிலோ, அட்டையை விளக்கும் பொறுப்பு இன்னமும் பெரும்பாலும் சுகாதாரப் பணியாளர்களையே சார்ந்திருக்கிறது.