கை படாத கலைச்சொற்கள்

பெட்ரோல் மகிழுந்தின் இயந்திரத்தில் பொறி எழுப்பும் விரலளவு உறுப்பைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்று நம் கலைச்சொல் அன்பர்கள் நாட்கணக்கில் வாதிட ஆயத்தமாயிருக்கிறார்கள். ‘தீப்பொறிச் செருகி’ என்பார் ஒருவர். ‘பொறிச்செருகி’ எனச் சுருக்குவார் மற்றொருவர். ஒற்று மிகுமா மிகாதா என்று மூன்றாமவர் வந்து சேர்வார். நன்று. ஆனால் அவ்வுறுப்பை எப்பொழுது கழற்றுவது, எவ்வளவு இடைவெளி வைப்பது, எத்துணை இறுக்குவது என்று நாலு வாக்கியம் எழுதச் சொன்னால் அவையில் அமைதி நிலவும். பெயர் சூட்டிவிட்டால் பொருள் வசமாகிவிட்டது என்னும் மயக்கமே நம் அறிவுலகின் தீராப் பிணி என்பது நம் துணிபு.

“இவையெல்லாம் இலக்கிய அன்பர்கள் பேசத்தக்கனவா?” என்று கேட்பார் உளர். மொழி எதற்குத் தகுதியுடையது என்பதைப் பற்றிய வழக்கு வேறெங்கே பேசப்பட வேண்டும்? “தமிழில் எல்லாம் முடியும்” என்று மேடையில் முழங்கும் நாம், முடித்துக் காட்ட வேண்டிய இடத்தில் நழுவுகிறோம்.

செய்தியை எடுத்துக்கொள்வோம். இயந்திரம் நன்கு ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும். இன்றைய இயந்திரங்களின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூட்டோடு திருகினால் மரை கெடும். கழற்றுமுன் குழியிலுள்ள தூசியை ஊதி அகற்ற வேண்டும். இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்கின் நுனியைப் பார்த்தாலே இயந்திரத்தின் உடல்நிலை தெரியும். இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறமெனில் நலம். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது என ஐயுறலாம். எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருப்பின் பிஸ்டன் வளையத்தையோ வால்வுப் பகுதியையோ ஆராய வேண்டும். வெளுத்துக் கொப்புளித்திருப்பின் சூடு அளவு மீறியது. மருத்துவர் நாவை நீட்டச் சொல்வது போன்ற சோதனை இது.

அடுத்தது ‘கேப்’. நடு முனைக்கும் வளைந்த முனைக்கும் இடையிலுள்ள இவ்வெளியை மின்பொறி தாண்ட வேண்டும். வெளி குறுகினால் பொறி சிறுத்து, கலவை சரியாகப் பற்றாது. வண்டி நின்ற நிலையில் நடுங்கும். வெளி அகன்றால் தாண்டுவதற்கு மிகுந்த மின்னழுத்தம் தேவைப்படும், காயில் வருந்தும், மேடேறும்போது ‘மிஸ்ஸிங்’ அடிக்கும். எரியாத பெட்ரோல் புகைபோக்கி வழியே சென்று, அங்குள்ள புகைச் சுத்திகரிப்பானையும் கெடுக்கும். கார்புரேட்டர் காலத்து இயந்திரங்கள் பலவற்றுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை போதுமானதாயிருந்தது. எரிபொருளைப் பீய்ச்சும் பிற்கால இயந்திரங்கள் பலவற்றுக்கு 1.0 முதல் 1.1 வரை வேண்டும். அந்தந்த வண்டியின் கையேடு கூறும் அளவே இறுதி அளவு. ஃபீலர் கேஜின் தகடு இலேசாக உரசிச் செல்லுமாறு வளைந்த முனையை மட்டும் அசைக்க வேண்டும்; நடு முனையைத் தீண்டலாகாது.

இனிப் பூட்டுதல். மரை ஏறும்வரை விரலாலேயே திருக வேண்டும். புதிய பிளக்காயின் வாசர் அமர்ந்தபின் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. முறுக்கு அளவி இருப்பின், 14 மில்லிமீட்டர் மரைக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர். அவ்வளவே. தமிழுக்கு எங்கே மூச்சு முட்டியது?

இதை எழுதாமல் விட்டதன் விளைவைப் பட்டறைகளில் காணலாம். முன்பு இரும்பறுக்கும் ஆக்சா பிளேடே கேப் அளக்கும் கருவி. அதன் கனம் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். பழைய இயந்திரங்களுக்கு அது ஒருவாறு பொருந்தியது. 1.1 வேண்டும் இயந்திரத்திற்கும் அதே பிளேடு என்றால் பழுது உறுதி. அவ்வாறே உப்புத்தாளால் கரியைத் தேய்க்கும் வழக்கமும். நிக்கல் பிளக்கின் நடு முனை ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தடிமன், தேய்ப்பைத் தாங்கியது. இரிடியம் பிளக்கின் நுனியோ 0.4 முதல் 0.6 வரைதான். 2,446 செல்சியசு வெப்பத்தில்தான் உருகும் அவ்வுலோகம், முரட்டுக் கையின் ஒரு நெம்புக்கு முறியும். இதைப் பட்டறைச் சிறுவனுக்கு யார் சொல்வது? பெட்டியின்மேல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவனறிந்த மொழியில் நாமன்றோ எழுதியிருக்க வேண்டும்? பழுதுக்கு அவனை ஏசுகிறோம். எழுதாதவரை யாரும் ஏசுவதில்லை.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூறுவோம். பட்டறையில் மரை உண்டு, கரி உண்டு, உப்புத்தாள் உண்டு. அருகிலேயே பிளக்கும் கேப்பும் வாசரும் உண்டு. தொல்காப்பியர் சொல்லை நால்வகையாக்கியபோது திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வைத்தார். அயலொலியைத் தமிழெழுத்தில் அமைத்துக்கொள்ளும் வழியையும் காட்டினார். அவ்விலக்கணத்தைப் பாடம் சொல்வோர் ‘பிளக்’ எனக் கேட்டதும் முகம் சுளிப்பது விந்தையே. புதுச்சொல் வேண்டாமென்று நாம் கூறவில்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், சொற்களும் ஆக்கினார். ஆயின் அவர் நோயாளியைத் தொட்டவர்; மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவர் ஆக்கிய சொற்களுக்குப் பின்னே ஒரு கை இருந்தது. நம் பட்டியல்களுக்குப் பின்னே இருப்பது நாற்காலி.

“மின்வண்டிகள் வந்துவிட்டன, பிளக்கே இல்லாத காலம் வரும்போது இஃதெதற்கு?” என்பது கடைசி மறுப்பு. ஓடும் பெட்ரோல் வண்டிகள் நாளையே நின்றுவிடப் போவதில்லை. அவை நின்றாலும் வினா நிற்காது. பேட்டரியைப் பற்றியும் இப்படியே பெயர்ப் பட்டியல் மட்டும் வைத்திருப்போமா?

ஆதலால் நம் வேண்டுகோள் ஒன்றே. இனிக் கலைச்சொல் முன்மொழிவோர், அச்சொல் பயிலும் ஒரு செய்முறைப் பத்தியையும் உடன் எழுதட்டும். அப்பத்தியைப் பட்டறையில் ஒருவர் படித்து, வேலையை முடித்து, வண்டியைக் கிளப்பட்டும். கிளம்பினால் அச்சொல் வாழும். கிளம்பாவிடில், ஒற்று மிகுந்தாலென்ன, மிகாவிட்டாலென்ன?