குறியீட்டில் வராத நாற்றம்



சென்னையில் கண்ணைக் கட்டி இறக்கிவிட்டாலும் எந்தப் பேட்டை என்று மூக்கே சொல்லிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில் மல்லிகையும் சூடமும், அப்போதுதான் அரைத்த காப்பிப் பொடியும் மணக்கும். சவுக்கார்பேட்டை மின்ட் தெருவில் நெய்யில் பொரியும் ஜிலேபி வாசனை ஆளை இழுக்கும். காசிமேட்டில் விடியற்காலையிலேயே மீன் கவிச்சி தூக்கும். அது உழைப்பின் வாடை. அதைக் குறை சொல்வதற்கில்லை.

குறை சொல்ல வேண்டியது வேறு. கூவம் ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்றால் அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. சாக்கடை கலந்து ஆக்சிஜன் தீர்ந்துபோன தண்ணீரில் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அது. கொடுங்கையூர் குப்பைமேடு புகைந்தால் சுற்றுவட்டாரமே ஜன்னலைச் சாத்துகிறது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, நெடி தாங்காமல் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள்.

நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீடு கணக்கில் எடுக்கும் 8 மாசுகளில் அமோனியா உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. அதனால் குறியீடு 'நன்று' என்று காட்டும் நாளிலும் ஆற்றங்கரைவாசிகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

கூவம், பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலும் வடசென்னையிலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை அளந்து, அளவை அன்றாடம் வெளியிட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முன்வர வேண்டும். துர்நாற்றப் புகார்களை மாநகராட்சி தனியே பதிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.

— ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை