சோதனை வேண்டும், அவசரத் தண்டனை வேண்டாம்



எங்கள் பக்கத்து மாவட்டமான சிவகங்கையில், புரசடைஉடைப்பு திறந்தவெளிச் சிறையில் நன்னடத்தைக் கைதிகள் பயிர் செய்து, கால்நடை வளர்த்து வாழ்கிறார்கள். இத்தகைய சிறைகளில் போதைப்பொருள் சோதனை அவசியம்தான். ஆனால் அதை நடத்தும் விதம் முக்கியம்.

சிறுநீரைச் சொட்டுவிடும் சோதனை அட்டையில், கட்டுப்பாட்டுக் கோடு விழுந்து சோதனைக் கோடு விழாவிட்டால் போதை இருக்கிறது என்று கணக்கு. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும் அப்படிக் காட்டலாம். ஆய்வகத்தில் உறுதி செய்யாமல், அந்த அட்டையை மட்டும் நம்பி ஒருவரை மத்திய சிறைக்குத் திருப்பி அனுப்பினால், பல வருட நன்னடத்தையால் அவர் சம்பாதித்தது ஒரே நாளில் போய்விடும். இது பெரும் அநியாயம்.

தண்டனையை மட்டும் நோக்கும் சோதனையில் இன்னோர் ஆபத்தும் உண்டு: தொடர்ந்து கஞ்சா புகைப்பவரின் சிறுநீரில் அதன் தடயம் வாரக்கணக்கில் தங்கும்; ஹெராயினோ சில நாட்களில் மறைந்துவிடும். பிரிட்டன் சிறைகளில் 1990-களில் கட்டாயச் சோதனை வந்தபோது, மாட்டாமல் இருக்கக் கைதிகள் ஹெராயினுக்கு மாறிவிடுவார்கள் என்ற கவலை எழுந்தது.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்குகளில் தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு விலக்கு தருகிறது. அதே பரிவோடு, முதல்முறை சிக்கும் கைதிக்குச் சிகிச்சை தரச் சிறைத்துறை முன்வர வேண்டும்.

- ஒரு வாசகர், கொடும்பாளூர், புதுக்கோட்டை மாவட்டம்