திருதியைக்கும் தங்கத்துக்கும் என்ன உறவு?

2024 மே 10, அட்சய திருதியை. அன்று ஒரே நாளில் சென்னையில் தங்கத்தின் விலை மூன்று முறை உயர்ந்தது. முதல் நாள் 52,920 ரூபாயாக இருந்த சவரன் 54,160 ரூபாய்க்குப் போய் நின்றது. ஒரே நாளில் 1,240 ரூபாய் கூடியும் நகைக்கடைகளில் கூட்டம் இருந்தது. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தொட்டால் புளியைக் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்துச் சமாளிக்கத் தெரிந்த குடும்பங்கள்தான் அங்கே நின்றன.

அதே ஆண்டு ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அந்த வாரமே சவரன் 52,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டும் இதே கதை. 2025 ஏப்ரல் 30, அட்சய திருதியை அன்று சவரன் 71,840 ரூபாய். மே நடுவில் 68,880 ரூபாய். பதினைந்து நாள் பொறுத்தவர்களுக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய் மிச்சம்.

ஒவ்வோர் ஆண்டும் இப்படி இறங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தங்கத்தின் விலையைத் தீர்மானிப்பவை சர்வதேசச் சந்தை, டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்பு, இறக்குமதி வரி ஆகியவை. இவற்றில் எதுவும் பஞ்சாங்கத்தைப் பார்த்து நடப்பதில்லை. அப்படியிருக்க, ஆண்டில் ஒரே ஒரு நாளில் விடியற்காலையிலேயே கடைவாசலில் வரிசையில் நின்று, இடிபட்டு, வியர்த்து, கிடைத்த நகையைக் கிடைத்த விலைக்கு வாங்கி வருவதில் என்ன லாபம்?

அன்று வாங்கினால் செல்வம் பெருகும் என்பது பதில். அந்த நாளின் பழைய வழக்கங்களைப் பார்த்தால் அவை வேறொன்றைச் சொல்கின்றன. ஓராண்டு நோன்பிருந்த ரிஷபதேவர் கரும்புச்சாறு ஏற்று நோன்பை முடித்த நாளாகச் சமணர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். பூரி ஜெகந்நாதரின் தேர்களுக்கான வேலை ஒடிசாவில் இந்த நாளில்தான் தொடங்குகிறது. அங்கே உழவர்கள் விதைப்பைத் தொடங்குவதும் அன்றே. கும்பகோணத்தில் பன்னிரண்டு பெருமாள்கள் கருட வாகனத்தில் எழுந்தருள்கிறார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் தண்ணீர்க் குடம், விசிறி, தயிர்சாதம் என்று சித்திரை வெயிலுக்கு ஏற்ற தானங்கள் செய்தார்கள். அன்று கொடுத்தது குறையாது என்பதே அந்த நம்பிக்கை. இந்த நாளோடு சேர்த்துச் சொல்லப்படும் குசேலர் கதையிலும் அவர் கண்ணனுக்குக் கொடுத்தது ஒரு பிடி அவல்.

கொடுக்கும் நாள் வாங்கும் நாளாக மாறியது பழங்காலத்தில் அல்ல. இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் தங்கள் பாட்டி அட்சய திருதியைக்கு நகைக்கடைக்குப் போனாரா என்று யோசித்துப் பார்க்கட்டும். 2000-களின் தொடக்கத்தில் நகைக்கடைகளின் முழுப்பக்க விளம்பரங்களும் தொலைக்காட்சி விளம்பரங்களும் இந்த நாளை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. இன்று சுரங்க நிறுவனங்களின் அமைப்பான உலகத் தங்க கவுன்சில் இந்தியச் சந்தையைப் பற்றிப் பேசும்போது, தீபாவளியோடு சேர்த்து இந்த நாளையும் முக்கிய விற்பனை நாளாகக் குறிப்பிடுகிறது. ஒரு தலைமுறைக்குள் உருவான வியாபாரப் பழக்கத்துக்குச் சம்பிரதாயம் என்ற பெயர் வந்துவிட்டது.

2020 ஏப்ரல் 26 அன்று அட்சய திருதியை ஊரடங்கில் வந்தது. 2021 மே 14 அன்றும் அப்படியே. சில பெரிய கடைகள் இணையத்தில் முன்பதிவு வாங்கியதைத் தவிர, நகைக்கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்த இரண்டு ஆண்டும் குண்டுமணித் தங்கம்கூட வாங்காத வீடுகளில் அதனால் செல்வம் குறைந்துவிடவில்லை.

கடைக்குள் நடக்கும் கணக்கு இதைவிட முக்கியமானது. 71,840 ரூபாய் விலையுள்ள நாளில் ஒரு சவரன் சங்கிலி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். சேதாரம் 12 விழுக்காடு என்றால் 8,621 ரூபாய். இரண்டும் சேர்ந்த தொகைக்கு ஜிஎஸ்டி 3 விழுக்காடு, ஏறத்தாழ 2,414 ரூபாய். ஆக மொத்தம் 82,875 ரூபாய் கொடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவது 71,840 ரூபாய்த் தங்கம். மறுநாளே விற்கப் போனால் சேதாரமும் வரியும் திரும்பி வராது. பல கடைகளில் மேலும் கொஞ்சம் கழிப்பார்கள். தங்கம் 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமே கைக்கு வரும். கிராமுக்கு ஐம்பது ரூபாய் தள்ளுபடி என்ற பெரிய எழுத்து விளம்பரத்தைப் படித்துவிட்டு வந்தவருக்கு அந்தத் தள்ளுபடியில் கிடைப்பது 400 ரூபாய்.

சேதாரம் என்பது பொற்கொல்லர் கையால் உருக்கி, அடித்து, அராவும்போது சிந்திய துகளுக்கான கணக்கு. இன்று பல நகைகள் எந்திரத்தில் தயாராகின்றன; சிந்தும் துகளையும் சேகரித்து மறுபடி உருக்குகிறார்கள். இருந்தும் விழுக்காட்டுக் கணக்கு அப்படியே நீடிக்கிறது. சவரன் 40,000 ரூபாயாக இருந்தபோது 4,800 ரூபாயாக இருந்த அதே 12 விழுக்காடு, விலை 71,840 ரூபாய் ஆனதும் 8,621 ரூபாய் ஆகிவிடுகிறது. நகை செய்யும் வேலை மாறவில்லை. கூட்டம் நெரியும் நாளில் இதைக் கேட்டுப் பேரம் பேச வாங்குபவருக்கும் நேரமில்லை, விளக்கிச் சொல்ல விற்பவருக்கும் நேரமில்லை.

பத்துச் சவரன் வாங்குபவருக்கு இந்த இழப்பு தாங்கக்கூடியது. சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் கைமாற்று வாங்கியும் ஒரு கிராம் வாங்கும் வீட்டுக்கு அப்படியல்ல. அட்சய திருதியை சித்திரையில் வருகிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. கட்டணத்துக்கும் சீருடைக்கும் அதே நகை அடகுக்குப் போகிறது. கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து சவரன் வரை வைத்த நகைக்கடனைத் தமிழக அரசு 2021-ல் தள்ளுபடி செய்ய நேர்ந்ததே, இந்தச் சிறு நகைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைக் காட்டுகிறது.

தங்கம் வாங்குவதே தவறு என்பதல்ல வாதம். வங்கிக் கணக்கோ நிலமோ தன் பெயரில் இல்லாத பெண்ணுக்குக் கழுத்தில் கிடப்பது ஒன்றே சொந்தச் சொத்து. பத்தாண்டுகளில் தங்கம் ஏறியிருக்கிறது என்பதும் உண்மை. அது திருதியையில் வாங்கியவருக்கு ஏறிய அளவுக்கே சாதாரணப் புதன்கிழமையில் வாங்கியவருக்கும் ஏறியது. தங்கம் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு என்பதால்தான், அதை வாங்கும்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கு வேண்டும்.

தள்ளுபடியை அச்சிடும் அதே அளவு எழுத்தில் சேதார விழுக்காட்டையும் விளம்பரத்தில் போட வேண்டும் என்று அரசு விதி கொண்டுவரலாம். 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு ஹால்மார்க் நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். எடை, கல்லின் எடை, சேதாரம், வரி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிய ரசீது இல்லாமல் நகையைக் கையில் வாங்கக் கூடாது. நாளைக் கொண்டாட விரும்புகிறவர்கள் தெருமுனையில் ஒரு மோர்ப்பந்தல் போடலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கு கொடுக்கலாம். நகை தேவைப்படும் வீடுகள் விலை இறங்கிய ஏதாவதொரு வாரநாளில் போய், மூன்று கடைகளில் சேதாரம் விசாரித்த பிறகு வாங்கட்டும்.