பாலத்தைப் பார்த்தீர்கள், கரையில் இருந்தவர்களைப் பார்த்தீர்களா?



இரண்டு நாளாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே வீடியோதான் சுற்றுகிறது. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரம். நகரின் நடுவே அருவி, அதற்கு மேலே வளைந்து போகும் நடைபாலம், சுற்றிவரப் பூந்தோட்டம். கீழே வந்த கருத்துகளும் ஒரே ராகம். "காசுள்ள நாடு, செய்கிறான்." "இப்படி ஒரு பாலமும் இன்டர்லொக் கல்லும் போட்டால் நம்ம ஊரும் எழும்பிடும்."

இல்லை உறவுகளே. அந்த நகரத்தின் கதையைக் கொஞ்சம் தேடிப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விடயம், அந்த அருவி புதிதாக வந்ததல்ல. அது எப்போதும் அங்கேயே இருந்தது. ரீடி ஆற்றை நெசவாலைகள் கழிவு வாய்க்காலாகப் பாவித்தன. 1960இல் அருவிக்கு நேர் மேலே நான்கு வழிக் கொங்கிரீட் பாலத்தைக் கட்டி அதை மறைத்தும் விட்டார்கள். 1967இல் ஒரு தோட்டக் கழகத்தின் பெண்கள் முன்வந்து, 26 ஏக்கர் ஆற்றங்கரையை மீட்டெடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். "பாலத்தை உடைத்தால் வாகனம் எங்கே போகும்?" என்ற எதிர்ப்பையும் தாண்டி 2002இல் அந்தப் பெரிய பாலத்தை இடித்தார்கள். நீங்கள் பார்த்த நடைபாலமும் பூங்காவும் 2004இல்தான் திறக்கப்பட்டன. கட்டியதைப் பாராட்டும் நாம் இடித்ததைப் பற்றிப் பேசுவதில்லை. தவறாகக் கட்டியதைத் தவறு என்று ஒத்துக்கொள்ள ஒரு நகரத்துக்குத் துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது, காலம். கடைகளெல்லாம் புறநகருக்குப் போய் நகர மையம் வெறிச்சோடிக் கொண்டிருந்த 1971இல் மெக்ஸ் ஹெல்லர் மேயரானார். அவர் அந்த ஊரில் பிறந்தவரல்ல. 1938இல் நாசிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்த யூத அகதி. சேர்ட் தொழிற்சாலையொன்றில் கூட்டிப் பெருக்கும் வேலையில் தொடங்கியவர். பிரதான வீதியை நான்கு வழியிலிருந்து இரண்டாகக் குறைத்து, மரம் நட்டு, மனிதர் நடக்க இடம் விடும் திட்டம் அவர் காலத்தில்தான் தொடங்கியது. அவர் மேயரானதிலிருந்து அந்த நடைபாலம் வரும்வரை 33 வருடங்கள். நமக்கோ அடுத்த தேர்தலுக்கு முன் ரிபன் வெட்டியாக வேண்டும். வந்தேறி என்று யாரையாவது ஒதுக்கிப் பேசும் முன்பும் ஹெல்லரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். இது வீடியோவில் இல்லை.

அதே ரீடி ஆற்றின் கரையில், நகர மையத்துக்கு மேற்கே, சதர்ன்சைட் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இருக்கிறது. இனப் பிரிவினைக் காலத்தில் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று அங்கே இருந்தது மேபெரி பூங்கா. 1930களின் இறுதியில் அதில் ஒரு பகுதியை எடுத்து, வெள்ளையரின் பேஸ்போல் மைதானத்துக்குக் கொடுத்தது நகர நிர்வாகம். பிறகு அந்தப் பக்கம் நகர சபையின் வாகனங்களும் களஞ்சியங்களும் வந்தன. அருவிப் பக்கம் பூங்கா, இந்தப் பக்கம் குப்பை லொறி. 2022இல்தான் அங்கே 60 ஏக்கரில் "யூனிட்டி பார்க்" திறக்கப்பட்டது.

எண்பது வருடத்துக்குப் பிறகாவது நீதி கிடைத்ததே என்கிறீர்களா? கணக்கைப் பாருங்கள். 1990இல் கிரீன்வில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். 2020இல் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனைக்கும் நகரத்தின் சனத்தொகை குறையவில்லை, கூடி 70,000ஐத் தாண்டியது. நகரம் அழகானது, காணி விலை ஏறியது, வாடகை ஏறியது, ஏழைக் குடும்பங்கள் நகரத்துக்கு வெளியே போயின. யாரும் அவர்களை அடித்து விரட்டவில்லை. விலையே அந்த வேலையைச் செய்தது. கடைசியில் நகர சபை விழித்து, புதிய பூங்காவின் பக்கத்தில் குறைந்த வாடகை வீடுகளுக்கென்று காணி ஒதுக்கியது. நல்ல விடயம். ஆனால் போனவர்கள் போய்விட்டார்கள்.

"அப்போ அபிவிருத்தியே வேண்டாமா சேர்?" என்று கேட்பீர்கள். வேண்டும். அருவியை மறைத்த கொங்கிரீட்டை உடைத்தது சரி, வீதியை மனிதருக்குத் திருப்பிக் கொடுத்ததும் சரி. வரிசைதான் பிழை. கரையில் இருப்பவரின் இருப்பை முதலில் உறுதிப்படுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் பூந்தோட்டம். கிரீன்வில் அதைத் தலைகீழாகச் செய்தது, அதன் விலையை ஏழைகள் கொடுத்தார்கள். பொதுக் காணி ஓர் அமானிதம். அதன் கணக்கு பூக்களோடும் விளக்குகளோடும் முடிந்துவிடுவதில்லை.

ஆகவே உறவுகளே, எந்த நாட்டின் ஆற்றங்கரை வீடியோ வந்தாலும் "மாஷா அல்லாஹ்" போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே முன்பு யார் இருந்தார்கள்? இப்போது அவர்கள் எங்கே? அந்தக் கரையில் ஒரு கூலித் தொழிலாளி இன்றைக்கு வாடகைக்கு இருக்க முடியுமா?

மூன்றுக்கும் பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தெரியாவிட்டால், அந்த வீடியோவை வைத்து நகரம் என்றால் இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.