சுற்றுலா எனும் சரக்கு

மொழிபெயர்ப்பாளரின் வழியில் சில சொற்கள் முள்வேலியாக வந்து நிற்பதுண்டு. அண்மையில் ஆங்கிலக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது அத்தகைய சொல் ஒன்று குறுக்கிட்டது: ‘டூரிசம் ப்ராடக்ட்’. வெவ்வேறு வகைத் தலங்களுக்கு வெவ்வேறு ‘ப்ராடக்டு’களை உருவாக்க வேண்டும் என்றது அந்தக் குறிப்பு. ‘சுற்றுலாப் பொருள்’ என்று எழுதிப் பார்த்தேன். திருவிழாக் கடையில் விற்கும் பொம்மை போல ஒலித்தது. ‘சுற்றுலா வசதி’ என்றால் மூலத்தில் உள்ள வணிகம் மறைந்துபோகிறது. இறுதியில் ‘சுற்றுலாச் சரக்கு’ என்றே எழுதினேன். விற்பதற்கென்றே உருவாக்கப்படுவது சரக்கு. இங்கே சரக்காவது ஒரு மலை, ஒரு தீவு, ஓர் இனக்குழுவின் நடனம். அவற்றோடு வாழ்வோருக்கு அவற்றால் உள்ள பயன்மதிப்பு பின்தள்ளப்பட்டு, பரிவர்த்தனை மதிப்பு மட்டுமே கணக்கில் ஏறுகிறது.

ஒன்றிய அரசின் சுற்றுலாக் கொள்கையை இந்தச் சொல்லின் வழியே பார்த்தால் பல செய்திகள் தெளிவாகும். 2014-15இல் தொடங்கிய ‘சுவதேஷ் தர்ஷன்’ திட்டம் நாட்டை 15 கருப்பொருள் சுற்றுகளாகப் பிரித்தது. இமயமலை, கடற்கரை, பாலை, பௌத்தம், இராமாயணம், கிருஷ்ணர், சூஃபி, வனவிலங்கு என்று நீளும் அந்தப் பட்டியலில் ‘பழங்குடி’ என்பதும் ஒன்று. புலியும் யானையும் ஒரு சுற்று. பழங்குடி மக்கள் இன்னொரு சுற்று. பார்க்கப்படும் பொருள்களின் வரிசையில் மனிதர்களையும் வைத்திருக்கிறார்கள்.

நிலத்தை வகைப்படுத்துவது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதன்று. நம் இலக்கணிகளும் நிலத்தைத் திணைகளாகப் பகுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு திணையின் கருப்பொருளிலும் அங்குள்ள உணவும் பறையும் தொழிலும் இடம்பெற்றன. குறிஞ்சி என்றால் வெறும் மலையன்று. தினைப்புனம் காப்பவளும் தேன் எடுப்பவனும் சேர்ந்ததே குறிஞ்சி. அந்தப் பகுப்பை இன்றைய வாழ்வுக்கு அப்படியே பொருத்த வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நிலத்தை வகைப்படுத்தும்போது அதில் உழைப்பவரை முதலில் எண்ண வேண்டும் என்ற பொது அறிவு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. இன்றைய ஆட்சியாளர்களிடம் அது இல்லை என்பதே என் வாதம். இமயம், நர்மதைக் கரை, இலட்சத்தீவு என்ற மூன்று இடங்களில் இதன் விளைவைக் காணலாம்.

முதலில் இமயம். புனிதப் பயணத் தலம் என்ற வகையில், உத்தரகண்டின் நான்கு தலங்களை இணைக்கும் அகலச் சாலைத் திட்டத்திற்கு 2016இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 12,000 கோடி ரூபாய்த் திட்டம்; ஏறத்தாழ 889 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டரைத் தாண்டும் நெடுஞ்சாலைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் என்பதால், இதனை 53 துண்டுகளாக்கி அந்த மதிப்பீட்டைத் தவிர்த்தார்கள். பத்ரிநாத் செல்லும் வழியில் உள்ள ஜோஷிமத் நகரம் பழைய நிலச்சரிவின் மண்மேட்டில் அமைந்தது. அங்கே பெருங்கட்டுமானங்கள் கூடா என்று மிஸ்ரா குழு 1976லேயே எச்சரித்திருந்தது. விடுதிகள் அடுக்கடுக்காக எழுந்தன; நீர்மின் திட்டத்திற்காக மலை குடையப்பட்டது; சாலைக்காகச் சரிவுகள் வெட்டப்பட்டன. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகள் வெடித்தன. அதே ஆண்டு நவம்பரில் இந்தச் சாலைத் திட்டத்தின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து, 41 தொழிலாளர்கள் 17 நாட்கள் உள்ளே சிக்கிக்கிடந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். பெரும் இயந்திரங்கள் முறிந்த நிலையில், இறுதி மீட்டர்களைக் கையால் தோண்டி அவர்களை மீட்டவர்களும் ஏழைத் தொழிலாளர்களே. ‘புனிதப் பயணம்’ என்ற சரக்கின் விளம்பரத்தில் இவர்களின் முகம் இல்லை.

இரண்டாவது, குஜராத்தின் கேவடியா. 182 மீட்டர் உயரப் பட்டேல் சிலை 2018 அக்டோபர் 31 அன்று திறக்கப்பட்டது. அதனைச் சுற்றி ஒரு சுற்றுலா நகரமே எழுப்பப்பட்டது. அந்த நிலம் யாருடையது? 1960களின் தொடக்கத்தில், நர்மதை அணையின் பணியாளர் குடியிருப்புக்கும் பிற கட்டுமானங்களுக்கும் என்று கேவடியா, வாகடியா, நவாகாம், லிம்டி, கோரா, கோத்தி ஆகிய ஆறு பழங்குடிக் கிராமங்களிலிருந்து எடுத்தது. நீரில் மூழ்காத நிலம் என்பதால், அணையால் பாதிக்கப்பட்டோர் என்ற வரையறைக்குள் அந்த மக்கள் வரவில்லை. அணைக்கென எடுத்த நிலம் பின்னர் விடுதிக்கும் பூங்காவிற்கும் போனது. 2019இல் சிலைப் பகுதிக்கென்றே தனி ஆணையம் அமைக்கும் சட்டத்தை மாநில அரசு நிறைவேற்றியது. 2020இல் பொதுமுடக்கக் காலத்தில் நிலத்தைச் சுற்றி வேலியிட வந்தபோது கிராம மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஒரு தலைமுறை நிலத்தை இழந்தது. அடுத்த தலைமுறை அதே நிலத்தில் கூலி வேலை தேடுகிறது.

மூன்றாவது, இலட்சத்தீவு. மொத்தப் பரப்பே 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்வது பத்துத் தீவுகளில். சூரை மீனும் தென்னையுமே வாழ்வாதாரம். மாலத்தீவு மாதிரியில் நீர்மேல் மாளிகைகள் அமைக்க மினிக்காய், கத்மத், சுஹேலி ஆகிய தீவுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2021இல் வெளியான வளர்ச்சி ஆணைய வரைவு விதிமுறை, ‘வளர்ச்சி’ என்ற பெயரில் எந்த நிலத்தையும் எடுக்கும் அதிகாரத்தை நிர்வாகத்துக்கு வழங்க முனைந்தது. மீனவர்கள் கரையோரம் வைத்திருந்த கொட்டகைகள் அகற்றப்பட்டன. தீவு மக்கள் வீடுகளிலிருந்தே போராடினார்கள். கேரள சட்டமன்றம் 2021 மே 31 அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

‘அப்படியானால் நீங்கள் சுற்றுலாவுக்கே எதிரிகளா?’ என்று கேட்பார்கள். இல்லை. ஓய்வும் பயணமும் உழைப்பாளியின் உரிமைகள். எட்டு மணி நேர வேலை, ஊதியத்துடன் விடுப்பு ஆகியவற்றுக்காகப் போராடிய இயக்கம், தொழிலாளி தன் குடும்பத்தோடு கடலையும் மலையையும் காண்பதை எப்படி எதிர்க்கும்? விடுதிப் பணியாளர், வாகன ஓட்டுநர், படகோட்டி, குதிரைக்காரர், தெருவோர வியாபாரி என இலட்சோபலட்சம் பேர் இத்துறையால் வாழ்கிறார்கள் என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. முடிவெடுப்பது யார், ஆதாயம் யாருக்கு என்பவையே நம் கேள்விகள்.

இதற்கு மாற்று வெறுங்கனவன்று. கேரளத்தின் குமரகத்தில் 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசின் காலத்தில் பொறுப்புச் சுற்றுலா தொடங்கப்பட்டது. அங்கே விடுதிகளின் சமையலறைக்கு வேண்டிய காய்கறியைக் குடும்பஸ்ரீ பெண்கள் விளைவித்துக் கொடுத்தார்கள். தரிசாகக் கிடந்த நிலங்கள் பயிருக்கு வந்தன. ஊராட்சி இடையில் நின்று ஒழுங்குபடுத்தியது. 2017இல் இதற்கெனத் தனி இயக்கமே மாநில அளவில் உருவானது. குறைகள் இல்லாமல் இல்லை. வேம்பநாட்டுக் காயலில் படகுவீடுகள் பெருகி நீரைக் கெடுப்பதை அங்குள்ள மீனவர்களே சுட்டிக்காட்டுகிறார்கள். எனினும் ஊராட்சியும் பெண்களின் கூட்டமைப்பும் பேரம் பேசும் மேசைக்கு வந்துவிட்டதால், அந்தக் குறைகளைப் பேசவும் திருத்தவும் இடம் உண்டு. கேவடியாவின் மக்களுக்கு அந்த மேசையே இல்லை.

எனவே, எந்தத் தலமானாலும் சில கோரிக்கைகளை நாம் உரத்து எழுப்ப வேண்டும். ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டப்படியும், பிற இடங்களில் உள்ளாட்சிகளின் வழியாகவும் மக்களின் ஒப்புதலின்றித் திட்டம் கூடாது. மலையும் தீவும் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கு, முதலீட்டுக்கு முன்பே வெளியிடப்பட வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் உறுதியாக வேண்டும். அழகுபடுத்தல் என்ற பெயரில் அப்புறப்படுத்தப்படும் வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் காகிதத்தில் உறங்கக் கூடாது. விடுதிகளின் கொள்முதலில் உள்ளூர்க் கூட்டுறவுகளுக்கு உரிய பங்கு வேண்டும்.

சுற்றுலாத் தலங்களில் பணியாற்றும் தோழர்கள் இவற்றைத் தொழிற்சங்க மேடையிலும் கிராம சபையிலும் ஒருசேரக் கொண்டுசெல்ல வேண்டும். நிலத்தை இழந்த விவசாயியும் அதே நிலத்தில் எழுந்த விடுதியின் ஒப்பந்தப் பணியாளரும் பெரும்பாலும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். அவர்களின் போராட்டங்கள் மட்டும் ஏன் தனித்தனியே நடக்க வேண்டும்?

அந்த மொழிபெயர்ப்பில் ‘சரக்கு’ என்ற சொல்லை நான் மாற்றவில்லை. அந்த மலைகளிலும் தீவுகளிலும் வாழும் மக்கள் பேரத்திலும் முடிவிலும் பங்கு பெறும் நாளில் அதனை மாற்றிக்கொள்ளலாம்.