மறுமுறை எழுதுதல்

கோடைக்காலத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முடிவு வெளிவரும் நாள், வடசென்னையைச் சேர்ந்த வியாசர்பாடியின் தெருக்களில் இருவேறு காட்சிகளை உண்டாக்குகின்றது. சில வீடுகளில் இனிப்பு வழங்கப்படுகின்றது. சில வீடுகளில் கதவு சாத்தப்படுகின்றது. சாத்தப்பட்ட கதவுகளுக்குள்ளே அன்று மாலை ஆராயப்படும் வினா ஒன்று உண்டு. கணக்கில் தவறிய பிள்ளை அத்தேர்வை மீண்டும் எழுதுவதா, அன்றி அதனை விட்டுவிட்டு வேலைக்குச் செல்வதா என்பதே அவ்வினா.

வியாசர்பாடி உழைப்பாளர் வாழும் ஊர். கிழக்கே சிறிது தொலைவில் சென்னைத் துறைமுகம் உளது. அருகே பேசின் பாலத்து இருப்புப் பாதைகள் பின்னிக் கிடக்கின்றன. பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் சங்கொலி கேட்டு எழுந்த குடும்பங்கள் பல இங்கு இருந்தன; அவ்வாலையும் 1996ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று லாரி ஓட்டுவோரும், சரக்கு ஏற்றி இறக்குவோரும், பட்டறைகளில் பணிபுரிவோரும் இங்கே பலர். இத்தகைய வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை கொண்டுவரும் கூலி சிறு தொகையே ஆயினும், அது மாத இறுதியில் அரிசிக்கும் வாடகைக்கும் துணையாகும். ஆதலின் இவ்வினாவைச் செல்வர் வீட்டுப் பிள்ளையின் வினாவைப்போல் எளிதாகக் கருதிவிடலாகாது.

இவ்வூர் மாணவன் ஒருவன் கணக்கில் 28 மதிப்பெண் பெற்றான் என்று கொள்வோம். தேர்ச்சிக்கு வேண்டியவை 35. “நாளையே என்னோடு பட்டறைக்கு வரட்டும்” என்கிறார் தாய்மாமன். “அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்” என்கிறார் தந்தை. “காதில் கிடப்பதை அடகு வைத்தாயினும் இப்பொழுதே எழுத வைப்பேன்” என்கிறாள் தாய். மூவரும் அவன்மேல் அன்புடையவரே. ஆயினும் தேர்வு எழுதவேண்டிய பிள்ளையை மட்டும் ஒருவரும் வினவவில்லை. அவன் சுவரோரம் தலைகுனிந்து அமர்ந்திருக்கின்றான்.

அவன் மீண்டும் எழுதவேண்டும் என்பதே என் கருத்து. அதுவும் காலம் தாழ்த்தாது, அவ்வாண்டே எழுதவேண்டும். ஆனால் இரண்டு செய்திகள் அதற்கு முன் நிகழ்தல் வேண்டும். எதனை அறியாமையால் தவறினோம் என்பதை அவன் கண்டுகொள்ள வேண்டும். எழுதுவேன் என்னும் உறுதி அவன் வாயினின்றே பிறக்க வேண்டும்.

முதற்கண், இம்முடிவினால் இழப்பது யாது, பெறுவது யாது என்று நோக்குவோம். முன்னாளில் தவறியவர் அடுத்த தேர்வுக்குச் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருந்தனர். அவ்வாண்டுப் படிப்பு அவர்க்கு வீணாயிற்று. இந்நாளில் அந்நிலை இல்லை. 2024, 2025 ஆகிய ஈராண்டுகளிலும் மே மாதத்தில் முடிவு வெளியாகி, ஜூலை முதல் வாரத்தில் துணைத்தேர்வு தொடங்கிற்று. தவறிய பாடத்தை மட்டும் எழுதினாற் போதும். ஆகவே குடும்பம் விட்டுக்கொடுக்க வேண்டியது ஏறத்தாழ ஏழு வாரக் கூலியே.

பெறுவதோ பெரிது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இன்றிப் பதினோராம் வகுப்பில் சேர இயலாது; பல்தொழில்நுட்பக் கல்லூரியின் முதலாண்டிலும் இடம் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புப் போதும் எனினும், மின்பணியாளர், பொருத்துநர் போன்ற பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வுக்கும் அதுவே குறைந்த அளவுத் தகுதி. பெண்பிள்ளையின் நிலையை எண்ணினால் இதன் அருமை மேலும் விளங்கும். தவறிய மகன் பட்டறைக்குச் செல்வான். தவறிய மகளோ அடுப்படியிலேயே நின்றுவிடுவாள். பின்னர் அவளைப் படிக்க அழைப்பார் ஒருவரும் இரார். ஏழு மதிப்பெண் குறைந்தமைக்காக ஒரு வாழ்க்கையின் வாயில்கள் அடைபடுதல் தகுமா?

இனி, வெட்கத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். “மறுபடியும் எழுதினால் நாலுபேர் என்ன சொல்வார்கள்?” என்னும் அச்சமே பல பிள்ளைகளைத் தடுக்கின்றது. நம் முன்னோர் இவ்வாறு கருதினாரல்லர். ஆசிரியரைக் ‘கணக்காயர்’ என்றும் நூலைக் ‘கணக்கு’ என்றும் வழங்கிய மொழி நம் மொழி. பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. எண்பதில் ஒரு பங்கு காணி. இருபதில் ஒரு பங்கு மா. இக்கீழ்வாய் எண்களின் வாய்பாட்டில் இடறியவன் மறுநாளும் அதனையே ஒப்பித்தான். அதிலும் இடறினால் அதற்கு மறுநாளும் ஒப்பித்தான். திண்ணையிலே தண்டனை கடுமையாக இருந்தது உண்மையே. அதனை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும் மீண்டும் சொல்லுதல் அங்கே கற்றலின் ஒரு பகுதியாகவே இருந்தது. அதனை இழுக்கு என்று எவரும் எண்ணினாரல்லர்.

தேர்வில் தவறியோர்க்கு ஆறுதல் கூறுவோர் சீனிவாச இராமானுசனை நினைவூட்டுவது வழக்கம். உலகம் போற்றும் அக்கணித மேதையும் தேர்வில் தவறியவரே என்பது மெய். ஆனால் அவர் வரலாற்றை முற்றும் அறிந்து பேசுதல் நலம். குடந்தை அரசினர் கல்லூரியில் 1904ஆம் ஆண்டு சேர்ந்த அவர், கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1906ஆம் ஆண்டில் எஃப்.ஏ. தேர்வு எழுதித் தவறினார், 1907ஆம் ஆண்டில் மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார். அவர் தவறியது கணிதத்தில் அன்று; ஏனைய பாடங்களில்.

இராமானுசனும் மறுமுறை எழுதியவரே. எனினும் மறுமுறை எழுதியது அவருக்குப் பயன் தரவில்லை. முதன்முறை எப்படிப் படித்தாரோ, அப்படியே இரண்டாம் முறையும் இருந்தார். உள்ளம் கணிதத்தை விட்டு அகலவில்லை. விட்ட பாடங்கள் விட்டவாறே நின்றன. முறை மாறாது மீண்டும் எழுதினால் முடிவும் மாறாது என்பதை இம்மேதையின் வரலாறே காட்டுகின்றது. பட்டம் இன்மையால் அவர் பட்ட துன்பமும் சிறிதன்று. குறிப்பேடுகளைக் கையில் ஏந்திப் பெரியோர் பலரை நாடி அலைந்தார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்த பின்னரே அவர் குடும்பம் சற்று மூச்சுவிட்டது. வியாசர்பாடித் தந்தையர் பலர் சரக்கு ஏற்றச் செல்லும் துறைமுகமே அது. அங்கிருந்துகொண்டுதான் 1913ஆம் ஆண்டு சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதினார். 1918ஆம் ஆண்டு இலண்டன் வேத்தியல் கழகத்தின் உறுப்பினரானார்.

“இராமானுசனே தவறினார், நான் தவறினால் என்ன?” என்று கூறிப் புத்தகத்தை மூடுவது அறியாமை. ஹார்டி போன்ற ஒருவர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தேர்வு ஒருவனுடைய அறிவு முழுவதையும் அளந்துவிடாது என்பதற்கு அவர் வரலாறு சான்று. தேர்வை எளிதாக எண்ணலாம் என்பதற்குச் சான்று அன்று.

முறையை மாற்றுவது எங்ஙனம்? கணக்கு வினாத்தாளின் அமைப்பை அம்மாணவன் முதலில் எடுத்து நோக்கட்டும். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்களுள் 10. ஐந்து மதிப்பெண் வினாக்களுள் 10. எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. ஆக மொத்தம் 100. அவ்வெட்டு மதிப்பெண் வினாக்களுள் ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். இவ்விரண்டிற்கும் 16 மதிப்பெண். அளவுகோலும் கவராயமும் கொண்டு நாள்தோறும் பழகினால், கை தேர்ந்துவிடும் பகுதி இது. அவன் 28இல் நின்றதற்குக் காரணம், இப்பகுதியைத் தொடாது விட்டமையாகவும் இருக்கலாம். ஏழாம் வகுப்பிலேயே நழுவிய பின்னமும் குறியெண்ணும் இன்றுவரை தெளியாமையாகவும் இருக்கலாம். முதலாவது குறை ஏழு வாரத்தில் தீரும். இரண்டாவது குறைக்கு ஆசிரியர் ஒருவர் அருகிருந்து பழைய பாடத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். எக்குறை என்று அறியாமல் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்குவதை ஒக்கும்.

மாணவனுடைய உடன்பாடு வேண்டும் என்று மேலே கூறினேன். அதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்து நாட்டில் 2014ஆம் ஆண்டு முதல், பதினாறு வயதில் கணக்கில் போதிய தரம் பெறாதவர் படிப்பைத் தொடருங்கால் அப்பாடத்தையும் தொடர்ந்து கற்றல் வேண்டும் என்று விதித்துள்ளனர். நன்னோக்கம் உடைய விதியே அது. ஆயினும் 2024ஆம் ஆண்டுத் தேர்வில் அவ்வாறு மீண்டும் எழுதியோருள் ஐந்தில் ஒரு பங்கினர்கூட அத்தரத்தை எய்தினாரல்லர். பிறர் பிடரியைப் பிடித்துத் தள்ளத் தேர்வறைக்குள் செல்பவன், உடலால் மட்டுமே அங்கு அமர்கின்றான். ஆதலின் தாயும் தந்தையும் செய்யத்தக்கது, அவனை வினவுதலும், அவன் கூறும் விடையைப் பொறுமையுடன் கேட்டலும் ஆகும். அவன் எழுதுவேன் என்றால், அந்த ஏழு வாரமும் அவனைக் கடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஓயாது அனுப்பாமல், ஓர் இடமும் ஒரு விளக்கும் அளித்தல் அவர்தம் கடமை.

இங்கே ஓர் எல்லையையும் குறித்தல் வேண்டும். தேர்ச்சி பெற்றவன், அண்டை வீட்டுப் பிள்ளை 90 பெற்றானே என்னும் மனக்குறையால் மீண்டும் எழுத விரும்புவது வேறு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2026ஆம் ஆண்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஆண்டில் இரு தேர்வுகள் என வகுத்து, மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள வாய்ப்பு அளித்துள்ளது. மேலே படிக்கும் படிப்பிற்கு உண்மையாகவே வேண்டுமாயின் அவ்வாய்ப்பைப் பயன்படுத்தலாம். பிறர் வாய்க்கு அஞ்சி எழுதும் தேர்வோ, கோடை விடுமுறையைக் கெடுப்பதன்றி வேறொன்றும் பயவாது.

பலமுறை முயன்றும் தேறாதவன் என் செய்வான் என்று சிலர் வினவலாம். எட்டாம் வகுப்புத் தகுதியோடு கற்கும் தொழில்கள் உள. அவற்றைக் கற்றுக் கைத்திறன் பெற்றவன் எவர்க்கும் தாழ்ந்தவன் அல்லன். ஆனால் முதல் தோல்வியிலேயே அவ்வழிக்கு ஒருவனைத் துரத்துதல் முறையன்று. தானே தேர்ந்து செல்லும் தொழிலுக்கும், வேறு வழியின்றித் தள்ளப்படும் தொழிலுக்கும் வேறுபாடு பெரிது.

தேர்வு முடிவு வந்த மாலையில் எம்முடிவும் செய்தல் வேண்டா. சினமும் துயரும் ஒரு நாள் தணியட்டும். மறுநாட் காலையில் வினாத்தாளை விரித்து வைத்து, “உனக்கு இதில் விளங்காதது எது?” என்று வீட்டார் அப்பிள்ளையைக் கேட்கட்டும். அவன் ஒரு கணக்கைச் சுட்டிக் காட்டுவானாயின், அங்கிருந்தே படிப்பைத் தொடங்கலாம்.